பின்னால் வரும் காலடிகள்

பெனிட்டா டீச்சர் வீட்டுக் கொல்லையில் மூன்று ரன்னர் வாத்துகள் இருந்தன. புட்டியை நிறுத்தி வைத்ததுபோல் நெட்டுக்குத்தலாக நிற்கும். பறக்க வராது, ஓடத்தான் வரும். காலையில் டீச்சர் தவிட்டுச் சட்டியைக் கீழே வைப்பார். ணங்கென்று சத்தம் கேட்டதும் மூன்றும் வரிசையாகக் கொல்லையைச் சுற்றி ஓடும். மூச்சிரைக்கத் திரும்பி வருவதற்குள் நாட்டுக்கோழி முக்கால் சட்டியைக் காலி செய்திருக்கும். வாத்துகள் நாளுக்கு நாள் மெலிந்தன.

கோழிக்கே மனசு கேட்கவில்லை. "எதுக்குடி இப்படி ஓடுறீங்க?" என்று கடைசி வாத்திடம் கேட்டது.

"நடுவுல இருக்கிறவ ஓடுறாளே."

"முன்னால போறவ ஓடுறா, அதான்" என்றது நடு வாத்து.

முன் வாத்து கழுத்தை நீட்டியது. "பின்னாலயே தடதடன்னு அத்தனை காலு தொரத்திட்டு வருது. நான் எப்படிக்கா நிக்கிறது?"

"அடிப்பாவி, அது இவளுங்க காலுடி!"

முன் வாத்து அன்று முழுக்க யோசித்தது. மறுநாள் சட்டி ணங்கென்றபோது, நடுங்கிக்கொண்டே நின்ற இடத்தில் நின்றது. மற்ற இரண்டும் பழக்கதோஷத்தில் அதைத் தாண்டி விழுந்தடித்து ஓடின.

"நில்லுங்கடி, ஒண்ணுமில்ல!" என்று அது கத்தியது. அவை நிற்கவில்லை.

ஒன்றுமில்லாமலா இப்படி ஓடுவார்கள் என்று அதற்குத் தோன்றியது. அன்று மூன்றிலும் வேகமாக ஓடியது அதுதான்.

கோழி கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சட்டிப் பக்கம் போனது.