பன்னிரண்டாம் குழாய்

மனித குலத்தின் வரலாறு அன்று மாலை நான்கு மணிக்குத் திருத்தி எழுதப்பட இருந்தது.

மூன்றே முக்காலுக்கு மைக் வேலை செய்யவில்லை.

இயக்குநர் அதைத் தட்டினார், ஊதினார், கடைசியில் முறைத்தார். ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு 'முன்னுரை' என்று பெயர். எதைச் சொல்வதற்கு முன்பும் இருபது நிமிடம் வேறு எதையாவது சொல்வார். மைக் மசியவில்லை. மேடைக்கு அடியில் எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்.

பக்கவாட்டுக் கதவோரம் ஆய்வகப் பெண் நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டுப் பையில் நான்காக மடித்த ஒரு தாள். அரை மணிக்கு முன்னால் வந்த சோதனை முடிவு. உள்ளங்கை வியர்வையில் அது ஏற்கெனவே பாதி ஊறிப்போயிருந்தது.

மேடையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட். அதன் மேல் ஒரு கடைவாய்ப்பல். நாலாயிரம் வருடத்துக்கு முன்பு செம்பு வாளோடு ஒரு குகையில் புதைக்கப்பட்ட தலைவனுடையது.

அந்தப் பல்லைத் துளைத்தெடுத்த தூளின் டி.என்.ஏ.வைத் தன்னுடையதோடு ஒப்பிடச் சொன்னார் இயக்குநர். சும்மா ஓர் ஆசைக்குத்தான். பொருந்தியது. தூளைப் பிரித்துப் போட்ட பதினொரு குழாயிலும், ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களில்கூடத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பொருந்தியது. தலைவனின் நேர் வாரிசு தானே என்று தெரிந்த அன்றிலிருந்து அவருடைய நடையே மாறிப்போனது.

நாலாயிரம் வருடம் கிடக்கட்டும், அப்பாவுக்கும் பிள்ளைக்குமே இந்த அளவு பொருந்தாதே என்று அவளுக்கு உறுத்தியது. அவரோ அதை வம்சத்தின் வீரியம் என்று எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் அவரைக் கேட்காமல் பன்னிரண்டாவது குழாயையும் இயந்திரத்தில் வைத்தாள். "அது எதுக்கும்மா, வேலை மெனக்கெட்டு" என்று அவர் ஒதுக்கச் சொன்ன குழாய். ஒன்றும் வரக்கூடாது என்பதற்காகவே வைக்கிற குழாய்.

வந்துவிட்டது.

டி.என்.ஏ. இரண்டு இழை. இந்த எழுத்துக்கு எதிரே அந்த எழுத்துதான் உட்காரும். ஆகவே ஓர் இழை கையில் இருந்தால் மற்றதைக் கட்டிவிடலாம். பிரதி எடுக்கும் இயந்திரம் செய்வது அதைத்தான். ஆனால் அதற்கு மூத்தவர் என்ற மரியாதை கிடையாது. நாலாயிரம் வருடத்தில் நைந்து துண்டுதுண்டான இழையும் புத்தம்புது எச்சிலில் இருக்கும் முழு இழையும் சேர்ந்து கிடைத்தால், எச்சிலைத்தான் கோடிகோடியாகப் பெருக்கும்.

தூள் எடுத்த நாள் அவள் கண் முன்னால் வந்து நின்றது. இயக்குநர் புகைப்படக்காரரோடு உள்ளே நுழைந்தார். படத்தில் முகம் தெரிய வேண்டுமே என்று முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். மூடி திறந்திருந்த பன்னிரண்டு குழாய்களின் மேல் குனிந்தபடி, ஆய்வகச் சுத்தத்தின் அவசியம் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

அவளைப் பணி நிரந்தரமாக்கும் உத்தரவு, திங்கட்கிழமைக் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது. ஏழு வருடத் தற்காலிகம் அத்தோடு முடியும். இதைச் சொன்னால் அந்த உத்தரவு குப்பைக்கூடைக்குப் போகும். சொல்லாவிட்டால், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'சோதித்தவர்' என்று இருப்பது அவள் கையெழுத்து. என்றைக்காவது வெளியே வந்தால் மாட்டிக்கொள்வதும் அவள்தான்.

முதல் வரிசையில் இயக்குநரின் மாமனார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து "உங்க பக்கத்துல சொல்லிக்கிற மாதிரி யாரு இருந்தாங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். பதில் சொல்வதற்கென்றே இன்று கார் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள்.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவள் மேடை ஏறினாள்.

"சார், ஒரே நிமிஷம். இதைப் பாத்துட்டு ஆரம்பிங்க..."

"பாத்தீங்களா!" மைக் இல்லாமலேயே அவர் அரங்கைப் பார்த்துக் கூவினார். "நான் டி.என்.ஏ. உக்காந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். இவங்க ஆர்.என்.ஏ. என்கிட்டேருந்து சேதியை எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. இன்னிக்கு எனக்கே சேதி கொண்டுவந்திருக்காங்க!"

அரங்கம் சிரித்தது. எல்லா விழாவிலும் சொல்வதுதான். ஆர்.என்.ஏ.வின் ஆயுள் சில நிமிடம், மிஞ்சிப்போனால் சில மணி நேரம், வேலை முடிந்ததும் துண்டாக்கிவிடுவார்கள் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அவளுக்கு ஒவ்வொரு விழாவிலும் அது ஞாபகம் வரும்.

அவர் தாளைப் பிடுங்கிப் பிரித்தார். ஈரத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முழங்கினார்.

"பன்னிரண்டாம் குழாய்! இயக்குநரின் மாதிரியோடு நூற்றுக்கு நூறு பொருத்தம்!"

கைதட்டலில் கண்ணாடிப் பெட்டியே அதிர்ந்தது.

மாமனார் மட்டும் தட்டவில்லை. எல்லைக் கல்லைக் கண்ணால் பார்க்காமல் ஓர் அளவையும் எழுதாதவர் அவர். சத்தம் ஓயும்வரை பொறுத்து, எழுந்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பன்னெண்டாவதுல போட்டது எந்தப் பல்லு?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் பெருமையோடு, சொல்லு சொல்லு என்று தலையசைத்தார்.

யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னாள்.

"பல்லு இல்லைங்கய்யா. வெறும் தண்ணி."

மைக் அப்போது சரியாகிவிட்டிருந்தது.