சுகந்தியின் அனுமதி

‘இந்த ஃபோல்டரை அழிக்க சுகந்தியிடம் அனுமதி பெற வேண்டும்’ என்றது கணினி. சுகந்தி என் கணவர் தயாளனின் முதல் மனைவி. விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். இன்னும் அவளிடம் நான் அனுமதி கேட்க வேண்டுமாம்.

கணினி பழுதுபார்க்கும் ரியாஸை வரவழைத்தேன். அட்மின் கணக்கில் நுழைந்து, உரிமையாளர் என்ற இடத்தில் சுகந்தியை எடுத்துவிட்டு என் பெயரை அடித்தார். “வசுமதி. சரியாக்கா?”

“சரி. டெலிட் பண்ணிடுங்க.”

“ஒரு தடவ பாத்துக்குங்கக்கா. அப்புறம் வேணும்னா கிடைக்காது.”

திறந்தார். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றில்கூட அவள் இல்லை. எல்லாவற்றிலும் தயாளன் மட்டும்தான். தலையில் ஷாம்பு நுரையோடு, வாயில் பாதி தோசையோடு, கேமராவைப் பிடித்திருந்தவளைப் பார்த்துக் கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கும் படங்களில் ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல் நிற்பார்.

“இனிமே எல்லாம் உங்க பேர்லதான்க்கா,” என்றார் ரியாஸ். “டெலிட் பண்ணிடவா?”

“வேணாம். பழையபடி அவ பேருக்கே மாத்திடுங்க.”