புகைபோக்கி மேலே

வெடி வைத்துத் தகர்க்கச் சற்று நேரமே இருந்தபோதுதான், புகைபோக்கியின் உச்சியில் ஒரு ஆள் நிற்பதை யாரோ பார்த்தார்கள்.

கூட்டத்தில் நின்ற அவளும் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கோணல் தோள் அவள் புருஷனுடையது.

மில் ஓடிய காலத்தில் அதே புகைபோக்கிக்குப் பெயின்ட் அடித்தவன். அப்போது ஆற்றங்கரை நெடுகப் புகைதான். சங்கு ஊதினால் ஊரே எழும். பிழைக்க வந்தவர்கள் படகு படகாய் இறங்கினார்கள். சாயக்கழிவில் ஆறு நீலமாய் ஓடினாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இப்போது ஆறு கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. கரையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மில்லைப் பூட்டிய பிறகு அந்தக் காலத்துக்கு மிச்சமாய் நின்றது இந்த ஒற்றைப் புகைபோக்கிதான்.

"மில்லுக்காக உசிரையே குடுக்கத் துணிஞ்சிட்டான்யா!"

செய்தி தீயாய்ப் பரவியது. வேலை போனவர்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வெடிக்காரர் பதறியடித்து ஒயரைக் கழற்றினார்.

போலீஸ் அதிகாரி ஒலிபெருக்கியை அவள் கையில் திணித்தார்.

"இறங்கி வாங்க! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எங்க போவோம்?"

உச்சியில் அவன் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். கும்பிடுகிறான் என்றார்கள் கீழே. சிலர் அழுதார்கள்.

ஒருவழியாக இறங்கத் தொடங்கினான்.

துருப்பிடித்த கம்பிப் படி ஒன்று பெயர்ந்து விழுந்தது. ஒற்றைக் கையில் தொங்கினான். கால் காற்றில் துழாவித் துழாவி, அடுத்த படியைக் கண்டுபிடித்தது.

அவன் தரையைத் தொட்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

சட்டைக்குள், இடுப்பைச் சுற்றி, கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. இடிதாங்கியின் செம்புப் பட்டை. சுற்றுச் சுற்றாய்.

"நல்ல வெல போற செம்பு, மண்ணோட மண்ணாப் போயிடும்னுதான்..." என்று அவள் காதில் இழுத்தான்.

அதிகாரி நெருங்கி வந்துகொண்டிருந்தார்.

அவள் தன் சால்வையை உருவி அவன் உடம்போடு போர்த்தினாள். பிறகு கையை உயர்த்தித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"திற! மில்லைத் திற!"

கூட்டம் பொங்கி எழுந்தது. அதிகாரியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவனைத் தோளில் தூக்கப் பாய்ந்தார்கள்.

இடுப்பைப் பிடித்துத் தூக்கியவர் பழைய பாய்லர்காரர். கை பட்டதும் ஒரு கணம் நின்றார். அவளைப் பார்த்தார்.

"திற! மில்லைத் திற!"

அவளைவிட உரக்கக் கத்தியது அவர்தான்.