நிழல் உள்ள இடமாப் பாரு

ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஓர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவது என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்தார்கள். எந்த இடம் என்பதில்தான் உலகப்போர் வெடித்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நாளுக்காக ஏங்கியவள் அவள்.

“அரண்மனைக்குப் போலாங்க.”

“வேண்டாம். அங்க ஒத்த மரம் கிடையாது. வெயில்ல மண்டையிலேயே முட்டை பொரிக்கலாம். நிழல் உள்ள இடமாப் பாரு.”

“அப்போ அருங்காட்சியகம்?”

“வாசல்ல விக்கிறானே, அதுக்குப் பேரு டீயா? கழுநீர்.”

“மிருகக்காட்சி சாலை?”

“அது இடம்! சிலுசிலுன்னு காத்து. சாஞ்சா போதும், அப்படியே சொக்கிடும்.”

“புலி பாக்கப் போறவங்க தூங்குவாங்களா?”

“புலியா? அப்போ அந்த உறுமல்... நான் பக்கத்து வண்டி இன்ஜின்னுல்ல நினைச்சேன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “முப்பது வருஷமா தினம் போனீங்களே?”

“போனேன். உள்ள போனது யாரு?”

அதுவும் நியாயம்தான். போன வாரம் ஓய்வு பெறும்வரை அவர் சுற்றுலா பஸ் டிரைவர். பயணிகளை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே குறட்டை விட்டவர்.

“இந்தத் தடவை உள்ள வர்றீங்க. அரண்மனைதான்,” என்று அவள் தீர்ப்பு சொன்னாள்.

ஞாயிறு மதியம் அரண்மனையே கிடுகிடுக்கும்படி, வெளியே அவர்கள் வந்த சுற்றுலா பஸ்ஸின் ஹாரன் அலறியது.

“எல்லாரும் ஏறிட்டாங்க போல. வாங்க, போலாம்.”

“அடிச்சா அடிக்கட்டும். இந்த டிரைவருங்களே இப்படித்தான், மனுஷனை நிம்மதியாப் பாக்க விடமாட்டாங்க,” என்றபடி, அவள் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.