டயர் வாங்கக் கிளம்பிய கார்

"இந்தம்மா சொல்ற வழியிலதான் வண்டி போவும். நீ குறுக்கால பேசக் கூடாது" என்றபடி சாம்ராஜ் சாவியைத் திருகினார்.

இந்தம்மா என்றது காரின் ஜி.பி.எஸ். பெட்டியை. காரும் பழசு, பெட்டியும் பழசு. திரை பாதி மங்கிவிட்டாலும் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். கட்டின மனைவி பேச்சைக் கேட்காத மனுஷன், முகம் தெரியாத அந்தப் பெண் லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். பாக்கியவதிக்கு எப்போதும் பற்றிக்கொண்டு வரும். இன்று வரவில்லை.

இன்று ஊரின் மறுகோடியில் இருக்கும் மைசூர் மைன்ஸில் சாம்ராஜின் தம்பி மகள் ஸ்வீட்டிக்கு நிச்சயதார்த்தம். என்றோ ஒரு கிறிஸ்துமஸ் அன்று கேரம் ஆடும்போது தொடங்கிய சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு வருஷங்கள் ஆகின்றன. தம்பி ஸ்டீவன் பத்திரிகையை கேட்டில் செருகிவிட்டுப் போய்விட்டான். பெரியப்பா மோதிரத் தட்டை எடுத்துக் கொடுக்காவிட்டால் நிச்சயமே வேண்டாம் என்று ஸ்வீட்டி அழுகிறாளாம். இவரோ, அன்றைக்கு டயர் வாங்கக் கோலார் போகிறேன் என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கெஞ்சினால் வேலைக்கு ஆகாது. அதனால் நேற்று கார் சர்வீஸுக்குப் போயிருந்தபோது, மதியம் பாக்கியவதி யாருக்கும் தெரியாமல் மெக்கானிக் ஆஸ்டினைப் போய்ப் பார்த்தாள். பெட்டியில் கோலார் என்று அழுத்தினால் ஸ்டீவன் வீட்டுக்கு வழி காட்டும்படி செய்துவிடச் சொன்னாள். ஆஸ்டின் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

சாம்ராஜ் கோலார் என்று அழுத்தினார். டயர் கடைக்கு அவள் பட்டுப்புடவையில் வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டை கடைவீதியைத் தாண்டியதும் பெட்டி மைசூர் மைன்ஸ் பக்கம் திரும்பச் சொன்னது. பாக்கியவதிக்குத் தெரியும், வேண்டாம் என்றால்தான் இவர் செய்வார்.

"இன்னாங்க, இது கோலார் ரோடு இல்லியே. திரும்பாதீங்க."

"உனக்குத் தெரியுமா, அதுக்குத் தெரியுமா?"

கார் திரும்பியது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

பந்தல் போட்ட வீட்டு வாசலில், சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாகப் பெட்டி ஆங்கிலத்தில் அறிவித்தது. பெரியப்பா என்று கத்திக்கொண்டு ஸ்வீட்டி ஓடி வந்தாள். அவள் பின்னால் ஸ்டீவன் கண் கலங்கி நின்றான்.

சாம்ராஜ் பெட்டியை முறைத்தார். "டப்பாவை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கியவர் தம்பி தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை.

மோதிரத் தட்டு பெரியப்பா கையிலிருந்தே போனது. பாக்கியவதிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிரியாணிப் பந்தியில் ஆஸ்டினைப் பார்த்ததும் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா. சொன்ன மாதிரியே செஞ்சிட்ட."

ஆஸ்டின் நெளிந்தான்.

"நீங்க சொன்னதுக்கு நான் ஒண்ணுமே செய்யலக்கா. நேத்து காலையில வண்டி விட வந்தப்பவே, தம்பி வூட்டைக் கோலார்னு பேர் வெச்சுப் போட்டுக் குடுடான்னு அண்ணனே கேட்டு வாங்கிக்கினு, உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கினாரு."