சொர்ணம்மாவின் பேத்தி

அது எழுபத்தாறா எழுபத்தேழா என்பது எனக்கு உறுதியில்லை. பக்கத்து வீட்டில் ரத்தம் கதவில் இருந்ததா, சுவரில் இருந்ததா என்றும் இப்போது தடுமாறுகிறேன். நாங்கள் கடல் தாண்டி வந்து குடியேறியிருந்த டண்டினொங்கில் ஒரு ஞாயிறு பின்னேரம் என்பது மட்டும் சரி. தொழிற்சாலைகள் ஓய்ந்திருக்கும் நாள் என்பதால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"சொர்ணம்! சொர்ணம்! சொர்ணம்!"

ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் வரதராஜா கத்தினார். அவர் மனைவி ரஞ்சினியின் குரல் கேட்கவில்லை. பிறந்து பதினொரு நாளான பெண் குழந்தைதான் அழுதது.

"பேர்ச் சண்டைதான்" என்றாள் என் மனைவி பத்மா.

வரதராஜா என்னோடு ஒரே இடத்தில் வேலை செய்தவர். ஊரில் இறந்துபோன தன் தாய் சொர்ணம்மாவின் பெயரைத்தான் மகளுக்கு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ரஞ்சினி மாட்டேன் என்றாள். நான் சுவரில் கையை வைத்தபடி நின்றேன். புருஷன் பெண்சாதி விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

போனது மற்றப் பக்கத்து வீட்டு மிஸஸ் கினேன். மாடு வெட்டும் தொழிற்சாலையில் தோல் உரிக்கிற ஐரிஷ்காரி, விதவை. கணப்படுப்பைக் கிளறும் இரும்புக் கம்பியோடு கதவை உதைத்துத் திறந்தாள். வரதராஜாவின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை நானும் பத்மாவும் பார்க்கப் போனோம். ரஞ்சினியின் கீழுதட்டில் நான்கு தையல். இடது கண் முழுதாக மூடியிருந்தது. மேசையில் இறைச்சி சுற்றும் தாள் ஒன்றில் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன. நோரா, மேவ், பிரிஜிட்.

"மிஸஸ் கினேனிட்டைக் கேட்டனான். அவையின்ர ஊரிலை பழைய பொம்பிளைப் பேராம்" என்றாள். "மேவ் எண்டு ஒரு ராணி இருந்தவவாம். நோரா மிஸஸ் கினேனின்ர தங்கச்சி. பிரிஜிட் அவவின்ர சொந்தப் பேர். நான் பிரிஜிட் எண்டு வைக்கப்போறன்."

"நல்லூர்க் கோயிலிலை ஐயர் அர்ச்சனைக்கு இதை என்னெண்டடி சொல்லுவார்?" என்றாள் பத்மா.

ரஞ்சினி சிரித்தாள். தையல் இழுபட்டு, உதட்டில் ஒரு துளி ரத்தம் வந்தது.

"ஐயர் எப்பிடியும் சொல்லட்டும். இவர் இந்தப் பேரைச் சொல்ல முதல் தன்ர கையை ஒருக்காப் பாப்பார். எனக்கு அது காணும்."

"விசர்க் கதை கதையாதை ரஞ்சினி. தாயின்ர பேர் வைச்ச பிள்ளைக்கு எந்த ஆம்பிளையும் கை ஓங்கமாட்டான். கூப்பிடேக்கையே தாய் முன்னாலை வந்து நிப்பா. உனக்கு அடிச்சவர்தான். பிள்ளைக்கு எண்டாலும் அந்தப் பேர் காவல்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. வெள்ளிக்கிழமைகளில் வரதராஜா தாயின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் குலுங்கி அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ரஞ்சினி குழந்தையின் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள்ளிருந்து வரதராஜா வந்தார். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு.

"மாடு உரிக்கிறவளின்ர பேரோ என்ர பிள்ளைக்கு? பிறகு கசாப்புக் கடைக்கோ கட்டிக் குடுக்கிறது?" பிறப்புப் பதிவுத் தாளை என் முன்னால் போட்டார். "கதிர், சொர்ணம்மா எண்டு எழுது. நீயே தபாலிலை போடு. இஞ்சை கிடந்தா இவள் கிழிச்சுப் போடுவாள்."

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கட்டுக் காட்டப் போக பஸ் பிடிக்க வேண்டும். போகிற வழியில் ரஞ்சினி இருந்த கதிரையை ஒரு உதை உதைத்தார். அவள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்தபடி சரிந்து, சமாளித்து, மறுபடியும் இருந்தாள். வாசல் கதவை அடித்துச் சாத்தினார்.

பத்மா குழந்தையை வாங்கித் துணி மாற்ற உள்ளே கொண்டுபோனாள். நான் பேனாவைத் திறந்து, சொர்ணம்மாவின் முதல் எழுத்தை எழுதப் போனேன். அப்போது ரஞ்சினி என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

உள்ளே பத்மா குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. நான் பிரிஜிட் என்று எழுதி, உறையை ஒட்டி, அன்றே தபாலில் போட்டேன்.

ஐந்தாவது கிழமை சான்றிதழ் வந்தது. வரதராஜா எங்கள் வாசலில் வைத்து, மாவுக்கட்டுக் கையாலேயே என் மூக்கை உடைத்தார். அவர் என்னை உதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ரஞ்சினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிஸஸ் கினேன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவேயில்லை.

வரதராஜா சிட்னிக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து, அங்கே ஒரு மதுக்கடைச் சண்டையில் கத்திக் குத்துப்பட்டு இறந்தார். மிஸஸ் கினேன் கிழவியாகி, தன் கட்டிலில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். ரஞ்சினி தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றாள். பிரிஜிட் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு மகன் இருக்கிறான்.

தாயின் பெயரை வைத்திருந்தால் அந்த மனுஷன் திருந்தியிருப்பான், நண்பனுக்குத் துரோகம் செய்துவிட்டீர்கள் என்று பத்மா இன்றைக்கும் சொல்கிறாள். அன்று ரஞ்சினி சொன்னதை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

"அண்ணை, ஊரிலை தன்ர தாய்க்கு அடிக்கேக்கை மட்டும்தான் அவர் தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவர்."