பலாக்கொட்டைக்குக் காய்ச்சல்

"பலாக்கொட்டைக்குக் காய்ச்சலுங்க. அதான் இன்னைக்கு வரலை."

பாலசுப்பிரமணியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்டது வருகைப் பதிவேட்டை. காளியாயி நீட்டியதோ ஒரு பிஸ்கட் டின்.

வாழவந்தி பால்வாடி இருப்பதா, போவதா என்று முடிவெழுத சேலத்திலிருந்து வந்திருந்தார் அவர். அரசு நியமித்த ஆசிரியை மலைக்குளிர் தாங்காமல் மூன்றே மாதத்தில் இறங்கிப் போய்விட்டாள். ஒரு மாதமாக உள்ளூர்க்காரி காளியாயிதான் தற்காலிகமாக நடத்திவருகிறாள். இப்படி ஆசிரியை இல்லாத மலை பால்வாடிகளை மூடிவிட்டு, அந்தப் பணத்தை டவுன் பால்வாடிகளுக்குத் திருப்பிவிடலாம் என்பது மேலிடத்து யோசனை.

"டின்னைக் கவுத்துப் பாருங்க சார்."

கவிழ்த்தார். காப்பிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சு விதை, அவரை, புளியங்கொட்டை... ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

"கொழந்தைக்கு ஒண்ணுங்க. காலையில ஊட்டுல இருந்து எடுத்தாந்து உள்ள போடோணும். சாயங்காலம் திருப்பிக் குடுத்துருவேன். எது டின்னுல இல்லையோ, அந்தக் கொழந்தை வரலை. பலாக்கொட்டை நம்ம சின்னத்தாயிங்க."

எண்ணினார். இருபத்துமூன்று. சாக்கு விரிப்பில் இருந்த தலைகளை எண்ணினார். அதே இருபத்துமூன்று.

மை இல்லை, தாள் இல்லை. மூன்று வயதுக் குழந்தை தன் வருகையைத் தானே பதிகிறது! தன்னுடையது எது என்று தெரிந்துகொள்கிறது, தொலைக்காமல் வைத்திருக்கப் பழகுகிறது, டின்னைக் கொட்டினால் எண்ணவும் கற்கிறது. இருபது வருட சர்வீஸில் இப்படி ஒரு பதிவேட்டை அவர் பார்த்ததில்லை.

"மிளகு வெச்சிருக்கிறவன் தொலைச்சுட்டா?"

"தொலைக்க மாட்டானுங்க, தின்னுருவான். ரெண்டு நாள் காரத்துல அழுதான். இப்பத் திங்கறதில்லை."

அவர் சிரித்துவிட்டார். காளியாயி எழுந்தாள். "வெளிய வாங்க சார். பாடம் அங்கதானுங்க."

வெளியே ஒரு சின்னப் பள்ளம், எதிரே மேடு. முன்னால் நிற்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் வரிசையாக நின்றன.

"எறங்கு சாமி!" என்றாள். வரிசை பள்ளத்தில் இறங்கியது.

"நட!" குறுக்கே நடந்தது.

"ஏறு கண்ணு, ஏறு!" எதிர் மேட்டில் ஏறியது. அங்கே நின்று எல்லாம் சேர்ந்து கத்தின: "ப!"

பிறகு குந்தி உட்கார்ந்து, நடந்த வழியையே விரலால் மண்ணில் வரைந்தன. கடைசியில் நின்ற பொடியனின் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் அது 'ப'தான்.

பாலசுப்பிரமணியம் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். எழுத்து முதலில் காலுக்குப் போகிறது. காலிலிருந்து விரலுக்கு வருகிறது. காலே படித்துவிட்ட எழுத்தை எந்தக் குழந்தை மறக்கும்?

"அடுத்தது 'ம'தானேம்மா? அதையும் நடத்துங்க, பார்க்கலாம்."

காளியாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அது நாளைக்குங்க."

"எனக்காக, ஒரே ஒரு தடவை."

"இல்லீங்க சார். ஒரு நாளைக்கு ஒண்ணுதான். நாளைக்கு எழுத்து நாளைக்குத்தானுங்க."

பெரிய அதிகாரி கேட்டும் அசையவில்லை! ஒன்று ஊறிய பிறகே அடுத்தது. இதைச் சொல்லத்தானே பயிற்சிக் கல்லூரியில் ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறார்கள்?

"நீங்க எங்கம்மா படிச்சீங்க?"

"எல்லாம் இந்த ஊருலதானுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "மூடிருவீங்களா சார்? மூடிட்டா, இதுகளைப் பழையபடி காப்பிக்காட்டுல தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் அம்மாக்காரிக பழம் பறிக்கோணும். முந்தி ஒண்ணு சரிவுல உருண்டு காலை ஒடிச்சுக்கிச்சுங்க. நொம்ப பயமா இருக்குது."

ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்து, 'இந்தப் பால்வாடி தொடர வேண்டும்' என்று அழுத்தி எழுதினார். இன்னும் இரண்டு இடங்கள்தான் காலி: அவளுடைய கல்வித் தகுதி, அவளுடைய கையெழுத்து. விதிப்படி எட்டாவது தேறியிருந்தால் போதும். இவள் பத்தாவதே முடித்திருப்பாள்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

காளியாயி பேனாவை வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பெருவிரல் வெக்கட்டுங்களா சார்? என் பேருல பாதி எழுத்து இன்னும் வந்து சேரலைங்க."

"வந்து சேரலைன்னா?"

அவள் பதில் சொல்லுமுன் ஹாரன் சத்தம் கேட்டது. சாயங்கால பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. படியிலிருந்து குதித்த கண்டக்டர் நல்லமுத்து, ஜீப்பைக் கவனிக்காமல், ஒரு டிக்கெட்டை அவளிடம் நீட்டினான்.

"புடிங்கக்கா, நாளைக்கு 'ம'. ராத்திரியே பத்துத் தடவை எழுதிப் பாத்துருங்க. காலையில கொழந்தைக முன்னால முழிக்காதீங்க!"

டிக்கெட்டின் பின்னால் பென்சிலால் எழுதியிருந்த அந்த ஒற்றை எழுத்தைக் காளியாயி கண்ணருகே வைத்து, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக.

பாலசுப்பிரமணியம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'படித்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதி, மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.